வென்ற போரிலும் மண்ணை இழந்த பேரரசு

1897ஆம் ஆண்டு ஏப்ரலில் கிரீஸுக்கும், இஸ்தான்புல்லிலிருந்து ஆண்ட துருக்கிய சுல்தானின் உதுமானியப் பேரரசுக்கும் போர் மூண்டது. முப்பது நாள் போர் என்றே அதற்குப் பெயர். எத்கெம் பாஷாவின் படை தெசலிச் சமவெளியில் இறங்கி லாரிசா நகரைப் பிடித்தது. தொமோகோஸில் கிரேக்கர்களைத் துரத்தியடித்தது. ஏதென்ஸுக்குப் போகும் பாதை ஏறக்குறைய திறந்தே கிடந்தது. யார் துணையும் இல்லாமல் இவ்வளவு தெளிவான வெற்றி சுல்தானின் படைக்குக் கிடைத்துப் பல தலைமுறைகள் ஆகியிருந்தன. உடனே வல்லரசுகள் தலையிட்டன. பிடித்த தெசலியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. எல்லையோரத்தில் சில மேடுகளும் நாற்பது லட்சம் துருக்கி லிரா நஷ்டஈடும் கிடைத்தன. சண்டை எந்தத் தீவுக்காகத் தொடங்கியதோ அந்தக் கிரீட்டிலிருந்து அடுத்த ஆண்டு நவம்பரில் உதுமானியச் சிப்பாய்கள் வெளியேறினார்கள். டிசம்பரில் அங்கே உயர் ஆணையராக வந்து இறங்கியவர், தோற்ற நாட்டு மன்னரின் மகன் இளவரசர் ஜார்ஜ்.

இதை ஒரு வினோத விதிவிலக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. உதுமானியப் பேரரசு சுருங்கிய கதையைப் படைபலம் குன்றியது, போர்களில் தோற்றது, நிலம் போனது என்று மூன்று வரியில் முடித்துவிடுவது வழக்கம். அதில் பாதிதான் உண்மை. தோற்ற போர்கள் ஏராளம் என்றாலும், வென்ற போர்களும் சேர்ந்தேதான் அந்த நிலத்தைத் தின்றன. நொடித்துக்கொண்டிருக்கும் அரசு போருக்காகச் சிப்பாய்களை மட்டும் செலவழிப்பதில்லை. எதிரிக்கு எழுதிக்கொடுக்கும் ஷரத்து, நண்பனுக்குத் தரும் கூலி, விட்டுக்கொடுக்கும் சுங்க உரிமை, அடகு வைக்கும் வரிகள், எல்லை தாண்டி ஓடிவரும் சொந்தக் குடிகள் என்று செலவுக் கணக்கு நீள்கிறது. பிறகு அந்தக் கணக்கின் ஒவ்வொரு வரியும் அடுத்த போருக்குக் காரணமாகிறது.

1683இல் வியன்னா முற்றுகை முறிந்ததிலிருந்துதான் சரிவைச் சொல்லத் தொடங்குவார்கள். படைத்தலைவர் காரா முஸ்தபா பாஷாவை அந்த ஆண்டு டிசம்பரிலேயே பெல்கிரேடில் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள், உத்தரவிட்டவர் சுல்தான். தொடர்ந்து பதினாறு ஆண்டுகள் சண்டை. 1699இல் கார்லோவிட்ஸ் உடன்படிக்கையில் ஹங்கேரியின் பெரும்பகுதியும் திரான்சில்வேனியாவும் ஆஸ்திரியாவுக்குப் போயின. பெரிய இழப்புதான். ஆனாலும் அரசின் அடித்தளம் அப்போது ஆடிவிடவில்லை. 1718இல் இழந்த பெல்கிரேடை 1739இல் மீட்டுக்கொள்ளவும் முடிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதி முழுவதையும் வீழ்ச்சி என்று எழுதுவது பின்னால் நடந்ததை முன்னால் ஏற்றிச் சொல்வதாகும்.

உண்மையான முறிவு 1774. ஆறு ஆண்டுப் போரில் ரஷ்யா உதுமானியக் கப்பற்படையைச் செஷ்மே துறையில் எரித்துத் தீர்த்தது. தன்யூப் கரையில் தரைப்படையும் நொறுங்கியது. குச்சுக் கைனார்ஜா என்ற பல்கேரியச் சிற்றூரில் கையெழுத்தான உடன்படிக்கையில் சுல்தான் விட்டுக்கொடுத்த நிலம் அதிகமில்லை. கருங்கடல் ஓரத்தில் சில கோட்டைகள்தான். நஷ்டஈடு 45 லட்சம் ரூபிள். கிரிமிய கானரசு ‘சுதந்திரம்’ பெற்றது. அந்தச் சுதந்திரத்தின் ஆயுள் ஒன்பது ஆண்டு. 1783இல் ரஷ்யப் பேரரசி காதரின் அதைத் தம் நாட்டோடு சேர்த்துக்கொண்டார். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நிலம் ஒன்று கைவிட்டுப் போனது அதுவே முதல் முறை. அதோடு, உதுமானியப் படைக்கு முன்னணிக் குதிரைப்படையாக ஓடிய கிரிமியத் தாத்தார்களும் போனார்கள். ஒரு மாகாணம் போனால் அதன் வரியோடு அதன் சிப்பாயும் போகிறான் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

நிலத்தைவிடக் கொடிய இழப்பு ஒரு ஷரத்தில் இருந்தது. இஸ்தான்புல்லில் ஒரு தேவாலயம் கட்டிக்கொள்ளவும் அதன் சார்பில் சுல்தானிடம் முறையிடவும் ரஷ்யாவுக்கு உரிமை கொடுக்கப்பட்டது. ரஷ்யர்கள் அந்த ஒரு தேவாலயத்தை மெல்ல மெல்ல நீட்டி, உதுமானிய மண்ணில் வாழ்ந்த ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் அத்தனை பேருக்கும் தாங்களே காவலர் என்று வாதாடினார்கள். எண்பது ஆண்டு கழித்து, 1853இல், இளவரசர் மென்ஷிகோவ் இஸ்தான்புல்லுக்கு வந்து மிரட்டியதும் இதே ஷரத்தைச் சுட்டிக்காட்டித்தான். கிரிமியப் போர் அதிலிருந்து பிறந்தது.

இடையில் ஒரு போரைச் சொல்லியாக வேண்டும், அது வெளிநாட்டான் தொடுத்ததில்லை. எகிப்தின் ஆளுநர் முகமது அலி சுல்தானுக்கு எதிராகத் திரும்பினார். அவருடைய மகன் இப்ராகிம் பாஷா 1832 டிசம்பரில் கோன்யாவில் சுல்தானின் படையைச் சிதறடித்து, இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவின் நடுப்பகுதிவரை வந்துவிட்டார். ஆறு ஆண்டுகளுக்கு முன்புதான் ஜானிசாரி என்ற பழைய நிலைப்படையைச் சுல்தான் இரண்டாம் மஹ்மூது கூண்டோடு அழித்திருந்தார். சீர்திருத்தத்துக்கு அது தேவையாக இருந்திருக்கலாம். ஆனால் பழைய படை இல்லை, புதிய படை இன்னும் பழகவில்லை என்ற இடைவெளியில் கிரீஸும் போனது, அடுத்ததாக எகிப்தும் எழுந்தது. வேறு வழியின்றி சுல்தான் ரஷ்யாவைக் கூப்பிட்டார். ரஷ்யச் சிப்பாய்கள் இஸ்தான்புல்லை ஒட்டிய பாஸ்பரஸ் நீரிணைக் கரையில் கூடாரம் அடித்தார்கள். பிரிட்டன் பதறியது. அதனிடமிருந்து ஆதரவு வேண்டி 1838இல் கையெழுத்திட்ட பால்தா லிமான் வணிக ஒப்பந்தம், இறக்குமதிப் பொருள்களுக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் வரி போட முடியாதபடி அரசின் கையைக் கட்டியது. அரசு நடத்திய ஏகபோக வணிகங்களையும் ஒழித்தது. அதன் பிறகு சுங்கத்தைக் கூட்ட வேண்டுமென்றால் வல்லரசுகளிடம் அனுமதி கேட்க வேண்டிய நிலை. இடையில் எட்டு சதவீதமாகியிருந்த அதைப் பதினொன்றாக்க 1907வரை காத்திருந்தார்கள். ஒரு போரிலிருந்து தப்பிக்கக் கொடுத்த விலை, அடுத்த போர்களுக்குப் பணம் திரட்டும் வழியை அடைத்துவிட்டது.

அப்படியானால் 1853இல் ரஷ்யாவோடு போர் என்று வந்தபோது செலவுக்கு என்ன செய்வது? கடன்தான். 1854இல் லண்டனிலும் பாரிஸிலும் 30 லட்சம் பவுண்ட் கடன் பத்திரம் வெளியிட்டார்கள். உதுமானிய அரசு வாங்கிய முதல் வெளிநாட்டுக் கடன் அது. ஈடாகக் காட்டியது எகிப்து ஆண்டுதோறும் கட்டும் கப்பத்தை. அடுத்த ஆண்டு இன்னும் 50 லட்சம். இந்த இரண்டாவது கடனுக்குப் பிரிட்டனும் பிரான்ஸும் உத்தரவாதம் கொடுத்தன. எகிப்துக் கப்பத்தில் மிச்சமும், ஸ்மிர்னா, சிரியா துறைமுகங்களின் சுங்கமும் ஈடு. கிரிமியப் போரில் உதுமானியர் வென்ற பக்கத்தில் இருந்தார்கள். 1856 பாரிஸ் மாநாட்டில் ஐரோப்பிய வல்லரசுகளோடு சரிசமமாக நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். நில லாபம் என்று சொல்ல அதிகமில்லை. கடன் மட்டும் நிலைத்தது.

முதல் கடன் வாங்குகிறவரைதான் தயக்கம். பிறகு பழைய கடனின் வட்டிக்குப் புதிய கடன், கவசக் கப்பல்களுக்கு ஒன்று, பட்ஜெட் பள்ளத்துக்கு ஒன்று. தோல்மாபாசே போன்ற அரண்மனைகளைக் காட்டி ‘ஆடம்பரத்தால் அழிந்தார்கள்’ என்று சொல்வது பிரபலமான விளக்கம். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால், பத்திரங்கள் முகமதிப்பைவிட வெகு குறைவான விலைக்கே விற்றன என்பதும், கையெழுத்திட்ட தொகைக்கும் கைக்கு வந்த தொகைக்கும் இடையே தரகர்கள் பிழைத்தார்கள் என்பதும் அந்த விளக்கத்தில் வருவதில்லை. நிலத் தகராறில் வழக்குச் செலவுக்காக அந்த நிலத்தையே அடகு வைப்பவரை நம் ஊர்களில் பார்த்திருப்போம். தீர்ப்பு சாதகமாக வந்தாலும் பத்திரம் வேறொருவர் பெட்டியில் இருக்கும். 1875இல் உதுமானியக் கடன் ஏறத்தாழ 20 கோடி பவுண்ட். அரசின் வருமானத்தில் பாதிக்கு மேல் அசலுக்கும் வட்டிக்கும் போனது.

இந்த இடத்தில்தான் கணக்குப் புத்தகமும் போர்க்களமும் ஒட்டிக்கொள்கின்றன. 1874இல் ஹெர்செகோவினாவில் விளைச்சல் பொய்த்தது. வரியைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் விடவில்லை; அவர்களுக்குக் குத்தகை விட்ட அரசுக்கும் பணம் உடனே தேவைப்பட்டது. 1875 கோடையில் கிறிஸ்தவ விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அரசு, வட்டியில் பாதியை மட்டுமே ரொக்கமாகத் தருவோம் என்று அறிவித்தது. லண்டனில் பத்திரம் வைத்திருந்த ஓய்வூதியக்காரர்களும் பாதிரியார்களும் கொதித்துப்போனார்கள். அடுத்த வசந்தத்தில் பல்கேரியர்கள் கிளர்ந்தபோது அடக்குவதற்குப் போதுமான முறைப்படை அங்கில்லை. பாஷிபஸூக் எனப்படும் கூலிப்படைகளை ஏவினார்கள். அவர்களோடு செர்கேசிய அகதிகளும் சேர்ந்துகொண்டார்கள். 1864இல் ரஷ்யா காக்கசஸிலிருந்து விரட்டிய இந்த மக்களைத்தான் உதுமானிய அரசு பல்கேரியக் கிராமங்களுக்கு நடுவே குடியேற்றியிருந்தது. ஒரு போரில் வீடிழந்தவர்கள் அடுத்த கலவரத்தில் வாளெடுத்தார்கள். பதாக் என்ற ஊரில் நடந்த படுகொலைச் செய்தி ஐரோப்பாவெங்கும் பரவியது. முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் கிளாட்ஸ்டன் எழுதிய துண்டுப் பிரசுரம் பிரிட்டனில் அனல் கிளப்பியது. கிரிமியப் போரில் தோள்கொடுத்த பிரிட்டன் இந்த முறை வரப்போவதில்லை என்பது உறுதியாயிற்று. மனிதாபிமானக் கோபமும் வட்டி வராத கோபமும் அதில் எந்த விகிதத்தில் கலந்திருந்தன என்று பிரித்துச் சொல்வது கடினம்.

1877 ஏப்ரலில் ரஷ்யா போர் தொடுத்தது. உதுமானியச் சிப்பாய் மோசமாகச் சண்டையிட்டான் என்று யாரும் சொல்ல முடியாது. பிளெவ்னாவைப் பாருங்கள். ஒஸ்மான் பாஷா அந்தப் பல்கேரிய ஊரைச் சுற்றி மண்ணைக் குவித்து அரண்கள் எழுப்பினார். அவருடைய ஆட்களிடம் அமெரிக்கத் தயாரிப்பான பீபாடி-மார்ட்டினி துப்பாக்கிகளும், அடுத்தடுத்து சுடக்கூடிய வின்செஸ்டர்களும் இருந்தன. ரஷ்யர்கள் நேருக்கு நேர் பாய்ந்தபோதெல்லாம் ஆயிரக்கணக்கில் விழுந்தார்கள். ஜூலையிலிருந்து டிசம்பர்வரை ஐந்து மாதம் அந்த ஒரு ஊர் ரஷ்யப் பேரரசின் படையையே கட்டிப்போட்டது. ருமேனியாவின் உதவியைத் தேடிப் பெற வேண்டிய நிலைக்கு ஜார் வந்தார். கடைசியில் உணவு தீர்ந்தது. டிசம்பர் 10 அன்று முற்றுகையை உடைத்து வெளியேற முயன்ற ஒஸ்மான் பாஷா காலில் காயம்பட்டுச் சரணடைந்தார். ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் அவருடைய வாளை மரியாதையோடு திருப்பிக் கொடுத்தார் என்பது துருக்கியப் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த கதை. ஆனால், பிளெவ்னா தாக்குப்பிடித்த அந்த ஐந்து மாதத்தில் அதை மீட்கப் போதுமான இன்னொரு படை வரவில்லை என்பதுதான் கதையின் மறுபாதி. வீரம் இருந்தது, இரண்டாவது படையைத் திரட்டி அனுப்பப் பணமும் பாதையும் இல்லை.

ஆள் பஞ்சத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. கிறிஸ்தவர்களும் யூதர்களும் படைச் சேவைக்குப் பதிலாக வரி கட்டிவிட்டு விலகிக்கொண்டார்கள். தலைநகரவாசிகளுக்கும் விலக்கு. பாரமெல்லாம் அனத்தோலிய முஸ்லிம் விவசாயியின் தோளில் விழுந்தது. ஏமன் முதல் தன்யூப் வரை எங்கே கலகம் என்றாலும் உழுகிறவனைத்தான் இழுத்துப்போனார்கள். உழுகிறவன் போனால் அடுத்த ஆண்டு வரியும் போகும்.

1878 ஜனவரி முடிவதற்குள் ரஷ்யர்கள் எதிர்னேவைக் கடந்துவிட்டார்கள். இஸ்தான்புல்லின் புறநகரான சான் ஸ்தெபானோவில் மார்ச் மாதம் உடன்படிக்கை எழுதப்பட்டது. ஜூலையில் பெர்லின் மாநாடு அதைத் திருத்தியது. செர்பியா, மாண்டினீக்ரோ, ருமேனியா மூன்றும் முழு விடுதலை பெற்றன. பல்கேரியா தன்னாட்சி அரசாயிற்று. கார்ஸ், அர்தஹான், பாத்தும் ரஷ்யாவுக்கு. போஸ்னியாவில் ஆஸ்திரியா படையை நிறுத்திக்கொண்டது. அது போரில் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. நஷ்டஈடு 80 கோடியே 25 லட்சம் பிராங்க். அதை ஆண்டுக்கு மூன்றரை லட்சம் லிரா வீதம் நூறு ஆண்டு கட்டுவதாக 1882இல் ஏற்பாடு. திட்டப்படி நடந்திருந்தால் கடைசித் தவணை 1980களில் முடிந்திருக்கும்.

பெர்லினில் இழந்ததெல்லாம் எதிரியிடம் இழந்தது. நண்பனிடம் இழந்தது சைப்ரஸ். மாநாடு கூடுவதற்கு முன்பே, 1878 ஜூன் 4 அன்று, பிரிட்டன் சுல்தானோடு ஒரு ரகசிய ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆசிய மாகாணங்களை ரஷ்யா தொட்டால் காப்பாற்ற வருவோம். அதற்கு வசதியாகச் சைப்ரஸ் தீவை எங்கள் நிர்வாகத்தில் விடுங்கள் என்பது சாரம். தீவின் உபரி வருமானத்தை ஆண்டுதோறும் சுல்தானுக்குக் கொடுத்துவிட வேண்டும். கணக்குப் பார்த்து அந்தத் தொகையை 92,799 பவுண்ட் 11 ஷில்லிங் 3 பென்ஸ் என்று பென்ஸ் வரை நிர்ணயித்தார்கள். அதில் ஒரு பென்ஸ்கூட இஸ்தான்புல்லுக்குப் போய்ச் சேரவில்லை. 1855இல் பிரிட்டனும் பிரான்ஸும் உத்தரவாதம் கொடுத்த அந்த 50 லட்சம் பவுண்ட் கடனின் வட்டிக்கு அதை வரவு வைத்துக்கொண்டார்கள். கிரிமியப் போரில் சுல்தானுக்காக வாங்கிய கடனை, அதைப் பற்றி ஒன்றுமே அறியாத சைப்ரஸ் விவசாயி 1927வரை அடைத்துக்கொண்டிருந்தார். தீவும் போனது, அதன் வாடகையும் போனது. காலனிய வரலாற்றில் இதைவிடச் சுத்தமான கணக்கு வேலையை நான் படித்ததில்லை.

பெர்லினுக்குப் பிறகு மற்றவர்கள் கூச்சத்தை விட்டார்கள். 1881இல் பிரான்ஸ் துனிசியாவை எடுத்துக்கொண்டது. 1882இல் பிரிட்டன் எகிப்தில் இறங்கியது. 1881 டிசம்பரில் கடன்காரர்களுடன் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி பொதுக்கடன் நிர்வாகம் என்ற அமைப்பு உருவானது. உப்பு, புகையிலை, முத்திரைத்தாள், மது, மீன், பட்டு ஆகியவற்றின் வரிகளை வசூலித்து நேரே பத்திரக்காரர்களுக்கு அனுப்புவது அதன் வேலை. ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், ஜெர்மானியர், ஆஸ்திரியர், இத்தாலியர் எனப் பத்திரக்காரர்களின் பிரதிநிதிகள் அதன் குழுவில் அமர்ந்தார்கள். நாடெங்கும் ஆயிரக்கணக்கான ஊழியர்கள். இஸ்தான்புல்லில் அது கட்டிய கம்பீரமான கட்டடம் இன்று ஒரு புகழ்பெற்ற மேல்நிலைப் பள்ளி. இந்த நிர்வாகத்தை வெறும் கொள்ளை என்று சொல்லிவிடவும் முடியாது. வசூல் ஒழுங்கானது, அரசின் கடன் நம்பகம் மீண்டது, ரயில் பாதைக்குப் பணம் கிடைத்தது. ஆனாலும் தன் உப்புக்கான வரியைத் தானே வசூலிக்க முடியாத அரசு, போர் வந்தால் எதை வைத்துச் சமாளிக்கும்?

அது 1911இல் தெரிந்தது. செப்டம்பர் 29 அன்று இத்தாலி லிபியாவுக்காகப் போர் அறிவித்தது. லிபியாவில் இருந்த காவல்படையின் ஒரு பகுதி ஏமன் கலகத்தை அடக்கப் போயிருந்தது. கடல்வழியாக அனுப்பலாமென்றால், சுல்தான் அப்துல் ஹமீது ஆண்ட முப்பது ஆண்டும் போர்க்கப்பல்கள் இஸ்தான்புல்லின் தங்கக் கொம்புக் கழியில் துருப்பிடித்துக் கிடந்தன. தரைவழியாக அனுப்பலாமென்றால் எகிப்து குறுக்கே நின்றது. பெயரளவில் அது இன்னும் சுல்தானின் மாகாணம். ஆனால் பிரிட்டன் படையை விடவில்லை. 1882இல் இழந்ததன் முழு விலை 1911இல்தான் புரிந்தது. என்வர், பின்னாளில் துருக்கிக் குடியரசை நிறுவிய முஸ்தபா கெமால் போன்ற இளம் அதிகாரிகள் மாறுவேடத்தில் எகிப்தைக் கடந்து பாலைவனத்துக்குப் போனார்கள். அரபுக் குலங்களைத் திரட்டிக்கொண்டு இத்தாலியர்களைக் கடற்கரையோடு நிறுத்திவைத்தார்கள். நவம்பர் 1 அன்று ஜூலியோ கவோட்டி என்ற இத்தாலிய விமானி நான்கு கையெறிகுண்டுகளை வானத்திலிருந்து வீசினார். விமானத்திலிருந்து குண்டு போட்ட முதல் சம்பவம் அது.

லிபியாவில் உதுமானியர் தோற்கவில்லை. ஆனால் அந்த வேடிக்கையைப் பால்கன் நாடுகள் பார்த்துக்கொண்டிருந்தன. செர்பியா, பல்கேரியா, கிரீஸ், மாண்டினீக்ரோ நான்கும் ஒன்றையொன்று வெறுத்தவை. மாசிடோனியாவைப் பங்குபோட ஒன்றுசேர்ந்தன. 1912 அக்டோபரில் அவை பாய்ந்தபோது இஸ்தான்புல் அவசர அவசரமாக இத்தாலியோடு சமாதானம் பேசி லிபியாவை விட்டுக்கொடுத்தது. கையெழுத்தானது அக்டோபர் 18. பால்கன் போர் அதற்குள் தொடங்கிவிட்டது. அந்தக் கோடையில்தான், போர் வராது என்ற நம்பிக்கையில், பயிற்சி பெற்ற பல்லாயிரம் சிப்பாய்களை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதிகாரிகள் அரசியல் கட்சிகளாகப் பிரிந்து கிடந்தார்கள். சிரியாவிலும் அனத்தோலியாவிலும் இருந்த துருப்புகளைக் கப்பலில் கொண்டுவர முடியாதபடி கிரேக்கக் கடற்படை ஏஜியன் கடலை மறித்தது. ஒரே மாதத்தில் குமனோவோ, கிர்க் கிலிசே, லூலே புர்காஸ் எல்லாம் போயின.

இன்று கிரீஸில் தெசலோனிகி எனப்படும் சலோனிகாவை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 1430 முதல் 482 ஆண்டுகள் உதுமானிய நகரம். யூதர்கள் மிகப் பெரிய சமூகமாக வாழ்ந்த துறைமுகம். முஸ்தபா கெமால் பிறந்த ஊர். சுல்தானின் தனியாட்சிக்கு எதிரான 1908 புரட்சிக்கு வித்திட்ட ஊர். அந்தப் புரட்சிக்காரர்கள் பதவியிறக்கிய அப்துல் ஹமீதை அங்கேதான் ஒரு மாளிகையில் சிறைவைத்திருந்தார்கள். எதிரி நெருங்குவதைக் கண்டு, அவரை ‘லோரலை’ என்ற ஜெர்மன் கப்பலில் ஏற்றி இஸ்தான்புல்லுக்கு அழைத்துவந்தார்கள். நவம்பர் 8 அன்று தஹ்சின் பாஷா சுமார் 26 ஆயிரம் வீரர்களோடு கிரேக்கர்களிடம் சரணடைந்தார். பல்கேரியப் படை வந்துசேர்வதற்குள் கதை முடிந்துவிட்டது. பின்னால் அந்தக் கூட்டாளிகள் அடித்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோற்ற ஊர்களிலிருந்து முஸ்லிம் குடும்பங்கள் மாட்டுவண்டிகளில் இஸ்தான்புல்லை நோக்கி வந்தன. மொத்தத்தில் நாலு லட்சம் அகதிகள் அளவில் இருக்கும். காலரா பரவியது, நோயாளிகளை ஹாகியா சோபியா மசூதியிலேயே கிடத்தினார்கள். சதால்ஜா அரணில் பல்கேரியப் பீரங்கிகள் முழங்கியது தலைநகரில் கேட்டது. அந்த டிசம்பரில் டெல்லியிலிருந்து டாக்டர் அன்சாரி தலைமையில் இந்திய மருத்துவக் குழு ஒன்று புறப்பட்டுப் போய்க் காயமடைந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்தது. பின்னாளைய கிலாபத் இயக்கத்தின் உணர்வு வேர்விட்டது இங்கிருந்துதான். 1913 மே மாதம் லண்டனில் கையெழுத்திட்டபோது ஐரோப்பாவில் இருந்த நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போயிருந்தது. கூட்டாளிகள் தங்களுக்குள் சண்டையிட்டதால் ஜூலையில் எதிர்னே மட்டும் திரும்பக் கிடைத்தது.

பால்கனை இழந்தது ஆட்சியாளர்களின் மனதைக் கெடுத்தது. 1908 புரட்சியை நடத்தி, இப்போது அதிகாரத்தைக் கைப்பற்றியிருந்த ஒற்றுமை முன்னேற்றக் குழுவின் தலைவர்கள் பலர் அந்த மண்ணில் பிறந்தவர்கள். சிறுபான்மையினர், பிறகு வல்லரசுத் தலையீடு, பிறகு பிரிவினை என்ற வரிசையை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். ஆர்மீனிய மாகாணங்களில் சீர்திருத்தம் செய்ய வேண்டும் என்று பெர்லின் உடன்படிக்கையிலும் ஒரு ஷரத்து இருந்தது. 1914 பிப்ரவரியில் அதற்காக இரண்டு வெளிநாட்டு ஆய்வாளர்களை ஏற்க வேண்டிவந்தது. அந்த அச்சத்தை வைத்து அவர்கள் 1915இல் ஆர்மீனியர்களுக்குச் செய்த இனப்படுகொலையை விளக்கலாம், நியாயப்படுத்த முடியாது. நிலத்தைக் காக்கிறேன் என்று தன் குடிகளையே லட்சக்கணக்கில் கொன்ற அந்தக் குழுவின் ஆட்சி அதன் பிறகு மூன்றே ஆண்டுதான் நிலைத்தது.

முதல் உலகப் போரில் ஏன் சேர்ந்தார்கள் என்பதற்குப் பல பதில்கள் உண்டு. பொதுமக்களிடம் சந்தா வசூலித்து பணம் செலுத்திய, பிரிட்டனில் கட்டப்பட்டுவந்த ‘சுல்தான் ஒஸ்மான்’, ‘ரெஷாதியே’ என்ற இரு போர்க்கப்பல்களை 1914 ஆகஸ்டில் பிரிட்டன் பறிமுதல் செய்துகொண்டது ஊரறிந்த காரணம். அதே நாள்களில் ஜெர்மனியோடு ரகசியமாகக் கையெழுத்தாகிவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தனியாக நின்றால் அடுத்த பங்கீட்டில் நாம்தான் இரை என்ற பயம் உண்மையான காரணம் என்று எனக்குப் படுகிறது. இங்கும் பழைய கதை தொடர்ந்தது. 1915இல் கல்லிபோலியில் வென்றார்கள். 1916 ஏப்ரல் 29 அன்று மெசபடோமியாவின் குத் நகரில் சுமார் 13 ஆயிரம் பேர் கொண்ட பிரிட்டிஷ்–இந்தியப் படையைச் சரணடையவைத்தார்கள். ஆனால் கல்லிபோலியில் தரைச் சண்டை தொடங்கும் முன்பே இஸ்தான்புல் ரஷ்யாவுக்கு என்று நேச நாடுகள் பேசி முடித்துவிட்டன. குத் வெற்றியின் மூன்றாவது வாரத்தில் பிரிட்டனும் பிரான்ஸும் ரகசியமாகச் செய்த சைக்ஸ்–பிகோ ஒப்பந்தம் சிரியாவையும் ஈராக்கையும் வரைபடத்தில் கோடுபோட்டுப் பிரித்தது. போர்க்களத்தில் யார் வென்றார்கள் என்பதை அந்த மேஜையில் யாரும் கேட்கவில்லை. பாக்தாத் 1917 மார்ச்சில் விழுந்தது. அதைப் பிடித்த படையில் பெரும்பகுதி இந்தியர். நம் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவினரும் மெசபடோமியாவில் வேலை செய்தார்கள். டிசம்பரில் ஜெருசலேம், 1918 அக்டோபரில் டமாஸ்கஸ், அதே மாதம் 30ஆம் தேதி முத்ரோஸில் போர்நிறுத்தம். மோசுல் நகருக்குள் பிரிட்டிஷ் படை புகுந்தது அந்தப் போர்நிறுத்தத்துக்குப் பிறகு.

கடைசிச் சுல்தான் ஆறாம் மெஹ்மத் 1922 நவம்பர் 17 அன்று இஸ்தான்புல்லை விட்டு வெளியேறியது ‘மலாயா’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில். மலாய்க் கூட்டு மாநிலங்களின் அரசு பணம் கொடுத்துப் பிரிட்டனுக்குக் கட்டித்தந்த கப்பல் அது. வெள்ளீயமும், தமிழ்த் தொழிலாளர்கள் பால் வெட்டிய ரப்பரும் ஈட்டிய வருமானத்திலிருந்து வந்த பணம்.

சுருங்குவது எப்போது நின்றது என்ற கேள்விக்கும் விடை உண்டு. 1920 ஜனவரியில் கடைசி உதுமானிய நாடாளுமன்றம் ஏற்ற தேசிய உறுதிமொழி, அரபு மாகாணங்களின் எதிர்காலத்தை அங்குள்ள மக்களே முடிவுசெய்யட்டும் என்று விட்டது. எதற்காகச் சண்டையிடுவதில்லை என்று இஸ்தான்புல் முதன்முறையாக எழுத்தில் வைத்தது அப்போதுதான். அங்காராவிலிருந்து முஸ்தபா கெமால் நடத்திய போர் அந்தச் சிறிய நிலத்துக்கானது. படை ஒரே இடத்தில் குவிந்தது. ரஷ்யாவின் புதிய ஆட்சியிடமிருந்து தங்கமும் ஆயுதமும் வந்தன. இந்திய முஸ்லிம்கள் திரட்டி அனுப்பிய பணமும் வந்தது. அதில் ஒரு பகுதி பின்னர் 1924இல் தொடங்கிய இஷ் வங்கியின் முதலீடாயிற்று. 1921இல் சக்காரியாவிலும் 1922 ஆகஸ்டிலும், அனத்தோலியாவுக்குள் புகுந்திருந்த கிரேக்கப் படை தோற்றது. 1923 ஜூலை 24 அன்று சுவிட்சர்லாந்தில் லோசான் உடன்படிக்கை கையெழுத்தானது. அதில் பழைய கடனையும் விடவில்லை. பேரரசிலிருந்து பிரிந்த நாடுகளுக்கெல்லாம் பங்கு பிரித்தார்கள். துருக்கியின் தலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விழுந்தது. அதைக் கட்டி முடித்தது 1954இல்.

லோசானில் தீராமல் நின்ற ஒரே பெரிய நிலத் தகராறு மோசுல். தேசிய உறுதிமொழியின்படி அது துருக்கிக்கு வர வேண்டியது என்று அங்காரா உரிமை கொண்டாடியது. எண்ணெய் இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். நாடாளுமன்றத்தில் போர் வேண்டும் என்று குரல்கள் எழுந்தன. 1925இல் கிழக்கே குர்து மக்களின் ஷேக் சயீது கிளர்ச்சியும் சேர்ந்துகொண்டது. 1926 ஜூனில் அங்காரா மோசுலைப் பிரிட்டனின் பொறுப்பிலிருந்த ஈராக்குக்கு விட்டுக்கொடுத்தது; பதிலுக்கு, எண்ணெயிலிருந்து ஈராக் அரசுக்குக் கிடைக்கும் உரிமத்தொகையில் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பத்து சதவீதம் என்று எழுதி வாங்கிக்கொண்டது.